ஏழாம் நம்பர் பலகையின் பத்துக் குரல்கள்

புது இயக்குநர்களில் யார் பெரிய ஆளாக வருவார் என்று தெரிந்துகொள்ள, முன்பெல்லாம் அவர்கள் எடுத்த படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. எவ்வளவு கஷ்டம்! மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். சில சமயம் யோசிக்கக்கூட நேர்ந்துவிடும். இந்தத் துன்பத்திலிருந்து சினிமாக்காரர்களைக் காப்பாற்ற வந்தவர்தான் செவியார்.

செவியார் படம் பார்ப்பதில்லை. கதை படிப்பதில்லை. கிளாப் பலகையைக் கேட்பார்.

படப்பிடிப்பில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் கேமராவுக்கு நேராக ஒரு பலகையை நீட்டி, மேல்கட்டையை டப்பென்று தட்டுவார்களே, அதே பலகைதான். படத்தையும் சத்தத்தையும் பிறகு ஒன்றாகப் பொருத்துவதற்காகத் தட்டுவது. அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. ஆனால் செவியாரின் காதுக்கு மட்டும் அது இயக்குநரின் எதிர்காலத்தை ஓதும். கண்ணை மூடிக்கொண்டு, பலகையைக் காதோரம் தட்டச் சொல்வார். அரை நிமிடம் அசைய மாட்டார். பிறகு தீர்ப்பு வரும். ‘சிங்கம்’ என்றால் முதல் படமே வெற்றி. ‘மணி’ என்றால் விருது. ‘தவளை’ என்றால் மழைக்காலத்தில் வெளியிட வேண்டும். ‘ஊமை’ என்றால் சோலி முடிந்தது. வேறு பிழைப்பைப் பார்க்கலாம்.

வேறு பிழைப்பைப் பார்க்க மனமில்லாதவர்களுக்கு வைத்தியமும் உண்டு. செவியார் தரும் எண்ணெயைப் பலகையின் கீலுக்கு ஏழு வாரம் போட வேண்டும். பலகையைத் தலைமாட்டில் வைத்துப் படுக்க வேண்டும். எண்ணெய் சும்மா கிடைக்காது. முகர்ந்து பார்த்த சிலருக்குத் தையல் மிஷின் ஞாபகம் வந்தது. வந்த ஞாபகத்தை உடனே விரட்டிவிட்டு இரண்டு புட்டியாக வாங்கிப்போனார்கள்.

நகல் எடுக்கும் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் செவியாரின் அறை. படிக்கட்டு முழுவதும் புது இயக்குநர்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு நிற்பவர்களைப்போல, ஆளுக்கொரு பலகையை மார்போடு அணைத்தபடி நிற்பார்கள். அறைச் சுவரில் மூன்று போட்டோக்கள். மூவரும் செவியார் ‘சிங்கம்’ என்று சொல்லி, பிறகு உண்மையாகவே பெயர் வாங்கியவர்கள். அதே வாயால் சிங்கமான இன்னும் இருநூறு பேர் என்ன ஆனார்கள் என்று அந்தச் சுவரிடம் யாரும் கேட்டதில்லை. இருநூறு போட்டோ மாட்டச் சுவரும் போதாது.

ஆண்டுக்கொருமுறை செவியார் மேடையேறி, பத்துப் புதுமுக இயக்குநர்களின் பலகையைக் கேட்டு, ‘கவனிக்க வேண்டியவர்கள்’ பட்டியலை அறிவிப்பார். பத்திரிகைகள் அதை அச்சுப் பிசகாமல் போடும். தயாரிப்பாளர்கள் அதைக் கத்தரித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். அதில் பேர் இல்லாத இயக்குநருக்கு, அவர்கள் அலுவலகத்தில் உட்கார நாற்காலிகூடக் கிடைக்காது.

இந்த ஆண்டுப் பத்துப் பேரில் ஒரு பெண் இருந்தாள். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு குறும்படம் எடுத்தவள். அடுத்து எடுக்க வேண்டிய முழுப் படத்தின் கதையை மூன்று வருடம் எழுதியிருந்தாள். மெத்தைத் தொழிற்சாலை வைத்திருந்த ஒருவர் அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், மூடினார்.

“எதுக்கும் செவியார் காதுல ஒருதடவை போட்டுடுவோம்மா.”

போட்டார்கள். செவியாரின் செயலாளர், வந்திருப்பது யார், கூட வந்திருப்பது யார், எவ்வளவு காணிக்கை என்பதையெல்லாம் பணிவாக அவர் காதில் ஓதினார். காணிக்கை ஒன்றும் இல்லை என்பதையும் ஓதினார். பலகை தட்டப்பட்டது.

“ஊமை” என்றார் செவியார்.

மாடிப்படியில் இறங்கும்போது மெத்தைக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஞாயித்துக்கிழமை மேடையில திரும்பக் கேப்பாரு. அப்ப மாறிச்சுன்னா கையெழுத்து. மாறலைன்னா, கதையை வீணாக்க வேண்டாம்மா. தியேட்டர் முதலாளியோட மாப்பிள்ளை இருக்காருல்ல? போன வாரம் அவருக்குச் சிங்கம் விழுந்திருக்கு. அவரு எடுக்கட்டும்.”

“என் கதையையா?”

“கதை உன்னோடதுதான். பேரு மட்டும் அவரோடது.”

“என் குறும்படத்தைப் பாத்தீங்களா சார்? நாலு மாசம் முன்னாடியே உங்க போனுக்கு அனுப்பினேனே.”

“அதான் பத்திரமா இருக்கேம்மா” என்று சட்டைப்பையைத் தட்டிக்காட்டினார் மெத்தைக்காரர்.

அந்தப் பெண்ணுக்கு ஓர் அக்கா. படப்பிடிப்புச் சாமான்களை வாடகைக்கு விடும் கடை நடத்துகிறவள். விளக்கு, ஸ்டாண்டு, ஒயர், கிளாப் பலகை எல்லாம் அங்கே கிடைக்கும். ஊரில் அப்படிப்பட்டது அந்த ஒரு கடைதான். தங்கை கடைக்குள் வந்து ஒயர்ச் சுருளின் மேல் உட்கார்ந்து அழுதபோது, அக்கா ஒரு விளக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, பலகை ஊமைன்னா அதுக்கு நீ ஏன் ஒப்பாரி வைக்கிற? எந்தப் பலகையைக் கொண்டுபோன?”

“ஏழாம் நம்பர்.”

அக்காவின் கையிலிருந்த திருப்புளி நின்றது. “ஏழாம் நம்பரா? போன வாரம் அந்த மாப்பிள்ளை எடுத்துட்டுப் போனது அதைத்தாண்டி! சிங்கம்னு சொல்லிட்டாருன்னு தெருவெல்லாம் தலைக்கு மேல தூக்கிக் காட்டிக்கிட்டே வந்தாரு. திருப்பித் தந்தப்போ கீலு லூசாகியிருந்துச்சு. நான்தான் முடுக்கினேன்.”

“அதே பலகையா?”

“அதே மரம், அதே கீலு. சாக்பீஸ்ல எழுதியிருந்த பேரு மட்டும் வேற. புது டைரக்டருங்க யாரு சொந்தமாப் பலகை வாங்கறாங்க? எல்லாம் நம்ம கடைச் சரக்குதான். சிங்கம், தவளை எல்லாம் இந்த அலமாரியிலதான் ஒண்ணுமேல ஒண்ணாத் தூங்குது.”

தங்கை சிரிக்கவில்லை. “பலகை அதேன்னா, ஊமை நான்தானேக்கா? என்னை வச்சுத்தான் அது ஊமையாச்சோ என்னவோ. ரெண்டு நாளா கதையை எடுத்துப் படிச்சா எனக்கே ஒரு சத்தமும் கேக்கலை.”

அக்காவுக்கு அப்போதுதான் உண்மையில் கோபம் வந்தது. தங்கையைச் செவியார் ஏமாற்றியதுகூடப் பெரிதில்லை. அவள் தன்னைத் தானே நம்பாதபடி ஆக்கிவிட்டானே என்று வந்த கோபம் அது.

“மூஞ்சியைக் கழுவு. ஞாயித்துக்கிழமை பத்துப் பேருக்கும் பலகை கொண்டுவரச் சொல்லி அந்தச் செயலாளரு நம்ம கடைக்குத்தான் சொல்லி அனுப்பியிருக்காரு. கொண்டுபோறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மண்டபத்தில் நிற்க இடமில்லை. மேடையில் செவியார், கண்களைக் கறுப்பு வெல்வெட்டால் கட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கண் பொய் சொல்லும், காது சொல்லாது என்பது அவருடைய தத்துவம். பக்கத்து நாற்காலியில் செயலாளர், கையில் பெயர்ப் பட்டியலுடன். இருவர் முதுகுக்கும் பின்னால், பலகை வைக்க ஒரு மேஜை. பத்து இயக்குநர்களும் முதல் வரிசையில். மெத்தைக்காரரும் அங்கேதான்.

அக்கா மேடையேறினாள். மேஜையில் பலகையை வைத்தாள். ஒரே ஒரு பலகை. ஏழாம் நம்பர்.

மாப்பிள்ளை எழுந்து படியேறப் போனார். “உட்காருங்க தம்பி” என்றாள் அக்கா. “ஷூட்டிங்குல டைரக்டரா கிளாப் அடிக்கிறாரு? அதுக்குன்னு ஆள் இருக்கும். இன்னைக்கு நான் அடிக்கிறேன்.”

தொழில் முறைப்படி அது சரிதான். செவியாரும் பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

செயலாளர் படித்தார். “முதலாவது, நகைக்கடை அதிபரின் மகன்!”

டப்.

“மணி” என்றார் செவியார். “வெண்கல மணி.” கூட்டம் கைதட்டியது.

“இரண்டாவது, தியேட்டர் முதலாளியின் மாப்பிள்ளை!”

அக்கா பலகையைக் கீழேகூட வைக்கவில்லை. டப்.

“சிங்கம்!” செவியார் நாற்காலியிலிருந்து அரையடி எழுந்தார். “குட்டிகளோட வருது!”

முன்வரிசையில் யாரோ இருமினார்கள். பின்வரிசையில் அந்த இருமல் சிரிப்பாக மாறியது. செவியார் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது தவளை. நான்காவது மறுபடியும் மணி, இந்த முறை வெள்ளியில். அதே பலகை, அதே கை. ஐந்தாவது தட்டலுக்குக் கூட்டம் குலுங்கிச் சிரிக்கவும், செயலாளர் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

“ஐயா, கொஞ்சம் தண்ணி குடிக்கிறீங்களா?”

“தொந்தரவு பண்ணாதே. காது திறந்திருக்கு.”

“இல்லீங்கய்யா, ஒரே ஒரு நிமிஷம்...”

“தம்பி, பேரை மட்டும் படிங்க” என்றாள் அக்கா. முந்நூறு ஜோடிக் கண்கள் செயலாளரைப் பார்த்தன. அவர் படித்தார். வேறு வழி?

ஒன்பதாவது வரை வந்தாயிற்று. “பத்தாவது” என்று செயலாளர் இழுத்தார். “மெத்தைக் கம்பெனி முதலாளி... கூட்டிட்டு வந்த பொண்ணு.”

டப்.

“ஊமை” என்றார் செவியார், வருத்தத்துடன். “அன்னைக்கே சொன்னேன்.”

ஒருவரும் கைதட்டவில்லை. அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஐயா, கண்கட்டை அவுக்காதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. பேரு சொல்லாம அடிக்கிறேன். யாரு பலகைன்னு நீங்க சொல்லுங்க.”

டப்.

செவியார் அரை நிமிடம் அசையவில்லை. ஒரு நிமிடம் அசையவில்லை. வெல்வெட்டுக்குக் கீழே வியர்வை மட்டும் அசைந்தது.

“சிங்கமா ஐயா? தவளையா?”

“ஐயாவுக்கு ஜலதோஷம்!” என்று கத்தினார் செயலாளர். “காலையிலேருந்து காது அடைச்சிருக்கு!”

“பத்துத் தடவை திறந்திருந்துச்சே? பேரு நின்னதும் அடைச்சிக்கிச்சா?”

செவியார் கண்கட்டை அவிழ்த்தார். மேஜையைப் பார்த்தார். பத்துப் பலகைகளைத் தேடினார். அக்காவின் கையில் இருந்த ஒன்றைத்தான் கண்டார். ஆனாலும் அனுபவசாலி அல்லவா? உடனே கையை உயர்த்தினார்.

“பலகை ஒண்ணுதாம்மா. ஆனா அதுக்குள்ள வர்ற ஆத்மா வேற வேற.”

“அப்ப கடைசியா அடிச்சப்போ எந்த ஆத்மா வந்துச்சு? அதைத்தானே கேட்டேன்? பேரைக் கேட்டுட்டு எங்க வீட்டுக் கடிகாரமும் ஆரூடம் சொல்லும்.”

மண்டபம் வெடித்தது. கூட்டத்தின் நடுவிலிருந்து ஒருவர் பலகையுடன் எழுந்தார். “யோவ், எனக்கு ஊமைன்னு சொன்னியே! ஏழு வாரம்னு சொன்னே, எட்டு மாசமா வாடகை கட்டி இதைத் தலைக்கு வச்சுப் படுத்து, கழுத்து ஒருபக்கமாவே நின்னுபோச்சு. பொண்டாட்டியைப் பாக்கணும்னா உடம்போட திரும்ப வேண்டியிருக்கு!” செவியார் பின்வாசல் வழியாகப் போனார். யாரும் வழி சொல்லவில்லை. அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மெத்தைக்காரர் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அக்கா மேடையிலிருந்து இறங்கித் தங்கையிடம் வந்ததும் பரிதாபமாகக் கேட்டார்:

“அப்ப நான் யாரை நம்பித்தாம்மா கையெழுத்துப் போடறது?”

 தங்கையின் கை நீண்டு அவருடைய சட்டைப்பையைக் காட்டியது. “பன்னிரண்டு நிமிஷம் சார்” என்றாள். “பாத்துட்டுப் பிடிக்கலைன்னு சொல்லுங்க. போயிடறேன். பாக்காம ஊமைன்னு சொல்லாதீங்க.”

அவர் போனை எடுத்தார். மண்டபத்து இரைச்சலில் படத்தின் சத்தம் கேட்காதே என்று ஒரு கணம் தடுமாறியவர், வெளியே மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தார். சகோதரிகள் இரண்டு படி மேலே நின்றார்கள். மூன்றாம் நிமிடம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். எட்டாம் நிமிடம் தோள் நின்றுவிட்டது. தங்கை அக்காவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்த பிறகும் அவர் கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுவுல கொஞ்சம் இழுக்குது” என்றார் கடைசியில்.

“ஆமா சார். ஒரு நிமிஷம் வெட்டியிருக்கணும். எனக்கும் தெரியும்.”

“படத்துல வர்ற அந்த லிப்ட்காரன் கடைசியில தன் பொண்ணைப் பாக்க மேல போனானா, இல்லையா?”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

“போயிருப்பான்” என்றார் மெத்தைக்காரர்.  “எவனா இருந்தாலும் போயிருப்பான்.” பேனாவைத் தேடினார். “நாலு மாசம் பையிலேயே வச்சிருந்தேனேம்மா. நாளைக்குக் காலையில ஆபீசுக்கு வா. கதை உன்னோடது. பேரும் உன்னோடதுதான்.”

தங்கை அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் எழுத எனக்கும் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அக்கா சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, அங்கே ஒரு வரிசை நின்றது. அதே புது இயக்குநர்கள், அதே பலகைகள். முதலில் நின்ற இளைஞன், தலையில் புத்தம்புதுத் தொப்பியுடன், பயபக்தியாகப் பலகையை நீட்டினான்.

“அக்கா, நீங்க தட்டின உடனே உங்க தங்கச்சிக்குப் படம் கிடைச்சிடுச்சு. ராசியான கைக்கா உங்களுக்கு. என் பலகையையும் ஒரே ஒரு தட்டு...”

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். தொப்பியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

“தம்பி, தலை இருக்கறது தொப்பி மாட்டறதுக்கு மட்டும்தான்னா, அதுக்குச் சுவத்துல ஒரு ஆணி போதும்.”