வலது காலை முன்வைத்து வந்த வண்டி

மூஞ்சிக்கல், கொடைக்கானல்.
வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை சிவமுருகன் அவர்களுக்கு மாமனார் சேனாதிபதி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. பழனியாண்டவர் புண்ணியத்தில் இங்கு நானும், உங்கள் அத்தை பாப்பம்மாளும், உங்கள் சம்சாரம் சண்முகப்பிரியாவும் சௌகரியமாக இருக்கிறோம். உங்கள் சிவப்பு வண்டியும் சௌகரியமாக இருக்கிறது. முன்பு இருந்ததைவிடச் சௌகரியமாக இருக்கிறது என்றே சொல்லலாம். தோஹாவில் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை விட்டால் பனி, பனி விட்டால் டூரிஸ்ட்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லிப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் நான் பேசி அனுப்புவதற்கெல்லாம் இரண்டு கைகள் கும்பிடுகிற படம் ஒன்று பதிலாக வருகிறது. கேட்டுவிட்டுக் கும்பிடுகிறீர்களா, கேட்க முடியாது என்று கும்பிடுகிறீர்களா என்பது எனக்கு விளங்கவில்லை. கடிதத்தில் அந்த வசதி கிடையாது, பிரித்தால் படித்துத்தான் ஆக வேண்டும். லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்கே திரும்பும் அய்யம்பாளையத்து குருநாதன் தம்பி இதை உங்கள் கையிலேயே தருவார்.

விஷயம் அந்த வண்டியைப் பற்றியதுதான். கல்யாணமான புதிதில் கோயம்புத்தூர் மில் முதலாளி மகனிடமிருந்து நீங்கள் பழசாக வாங்கி வந்த வண்டி. ரேஸ் வண்டி மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருக்கும், இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவதாக ஒரு பூசணிக்காயைக்கூட வைக்க முடியாது என்று உங்கள் அத்தை அன்றைக்கே குறை சொன்னாள். போன கோடையில் அதன் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரியத் தொடங்கியது. பார்த்தால் ஒரு செம்பு, அதற்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் வேல். பழனி அடிவாரத்தில் அத்தனை காலம் பூஜை சாமான் கடை நடத்தியவன் நான், கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சண்முகப்பிரியாதான், “அப்பா, அது டயருப்பா. நடுவுல இருக்குறது ஆச்சரியக்குறி” என்றாள். ஒவ்வொரு டயருக்குள்ளும், காற்றடிக்கிற வால்வின் உட்பக்கத்தில், கட்டைவிரல் அளவு சென்சார் ஒன்று இருக்கிறதாம். உள்ளே காற்று எவ்வளவு என்று ரேடியோ மாதிரி வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லி அதன் பேட்டரி தீர்ந்துவிட்டது, பேட்டரியை மட்டும் மாற்ற வழியில்லை, சென்சாரையே மாற்ற வேண்டும் என்று அவள் விளக்கினாள்.

அதற்கு நீங்கள் போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அந்த விளக்கு எரியற வரைக்கும் அதுல யாரும் ஏறக் கூடாது மாமா. மலை ரோடு. அதப் பாக்கத் தெரிஞ்ச ஆளு அந்த மலையிலயே கெடையாது. பொங்கலுக்கு வர்றப்ப வித்துடறேன்” என்றீர்கள். சரிங்க மாப்பிள்ளை என்றேன். உங்கள் வண்டி, உங்கள் இஷ்டம். ஆனால் அன்று சாயங்காலம் யாரும் ஏறக் கூடாத அந்த வண்டியைச் சண்முகப்பிரியா துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். விற்கப்போகிற சாமானை யாரும் அப்படித் துடைக்க மாட்டார்கள், கடைக்காரனுக்கு அது தெரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. மலையில் ஆள் கிடையாது என்று நீங்கள் சொன்னதும் கூடவே உறுத்தியது. ஏன் இல்லை, சேனாதிபதி இருக்கிறான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

சென்சார்களை நான்தான் வரவழைத்தேன். வண்டியின் வருஷம் பார்த்து, எது பொருந்தும் என்று விசாரித்து, கம்ப்யூட்டரில் ஆர்டர் போட்டது மட்டும் சண்முகப்பிரியா. பார்சல் வந்ததும் முறைப்படி சாமி படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைக்கப்போனேன். காற்றை அளக்கிற ஊசித் துளை அதில்தான் இருக்கிறது, அடைத்துக்கொள்ளும் என்று அவள் பிடுங்கிக்கொண்டாள். அட்டைப்பெட்டிக்கு வைத்தேன். வண்டியில் யாரும் ஏறக் கூடாது என்பது உங்கள் உத்தரவு, அதை நான் மீறவில்லை. வண்டியை மரக்கட்டைகள்மேல் நிறுத்திவிட்டு நாலு சக்கரங்களையும் கழற்றினேன். ஜாக்கி போட்டதும் நட்டைத் திருகியதும் சக்கரத்தை உருட்டியதும் சண்முகப்பிரியா, நான் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நட்டுகளை ஒரு எவர்சில்வர் சம்படத்தில் வாங்கி வைத்துக்கொண்டது நான். அதில் ஒன்றுகூடத் தொலையவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

சந்தையில் கேரட்டை இறக்கிவிட்டுப் பள்ளங்கி கிராமத்துக்குத் திரும்புகிற ஜீப் ஒன்றை மடக்கி, சக்கரங்களை அதில் ஏற்றி, மாரிமுத்துவின் டயர் கடைக்குக் கொண்டுபோனோம். மாரிமுத்து லாரிக்கும் ஜீப்புக்கும் பார்க்கிறவர், இந்த மாதிரி மெலிந்த டயரைத் தொட்டதில்லை. ரிம்மிலிருந்து ஒரு பக்கத்தை நெம்பி உள்ளே கையை விட்டவர், “ஐயா, வால்வுக்கு அடில என்னமோ கட்டியா கெடக்குங்க. தட்டி எடுத்துரவா?” என்றார். “ஏலே மாரிமுத்து, அதாம்லே வண்டிக்கு நாடி. மெதுவா” என்று நான் தடுத்தேன். வால்வு இருக்கிற இடத்தில் லீவரைப் போடக் கூடாது, தள்ளித்தான் போட வேண்டும் என்றும் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் சண்முகப்பிரியாவும் அதையே சொல்லியிருந்தாள். பழசைக் கழற்றிப் புதுசை மாட்டிக் காற்றடித்து முடித்ததும் மாரிமுத்து, “பெரியவரு பெரிய ஆளுதாங்க. இந்த வயசுல இதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீக” என்றார். அப்போது சண்முகப்பிரியா கை கழுவப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தாலும் மறுத்திருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

சக்கரங்கள் வண்டிக்குத் திரும்பின, விளக்கு அணையவில்லை. புது சென்சார்களை வண்டிக்கு அறிமுகம் செய்ய வேண்டுமாம், அதற்குப் புரோகிராமிங் என்று பெயர். உங்கள் அத்தை இதற்கு மட்டும் என்று எடுத்துத் தந்த சாவியைப் போட்டு, அதிலுள்ள இரண்டு பொத்தான்களை ஒன்றாக அமுக்கிப் பிடித்தால் வண்டி ஒரு ஹாரன் அடிக்கும், கற்றுக்கொள்ளத் தயார் என்று அர்த்தம். உடனே ஒவ்வொரு சக்கரமாகப் போய் வால்வின் மேல் வளையக் காந்தம் ஒன்றை மாட்ட வேண்டும். சென்சார் விழித்துக்கொண்டு தன் நம்பரைச் சொல்லும், வண்டி மனப்பாடம் செய்துகொண்டு மறுபடி ஹாரன் அடிக்கும். வளையக் காந்தத்துக்கு எங்கே போவது? கடையில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த என் பழைய ஸ்பீக்கரின் பின்னால் இருந்தது. ஸ்பீக்கரை உடைக்கச் சம்மதித்தது முழுக்க முழுக்க நான்தான்.

இப்போது முக்கியமான கட்டம். வரிசையைக் காட்டுகிற படத்தைச் சண்முகப்பிரியா போனில் எடுத்துக் காட்டினாள். அம்புக்குறி வலமாகவே சுற்றியது. கண்டுபிடித்தவன் எந்த ஊர்க்காரனோ, பழனி மலையைக் கிரிவீதியில் வலம் வந்த ஆளாகத்தான் இருப்பான் என்று எனக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பிசகு. முன்னால் இடது சக்கரத்தில் தொடங்கி, முன் வலது, பின் வலது என்று சுற்றிப் பின் இடதில் முடிக்கச் சொல்லியிருந்தது.

“இந்தா பாரு தாயி, எடது கால எடுத்து வச்சு எவளாச்சும் புது வீட்டுக்குள்ள வருவாளா? நீ புகுந்த வீட்டுக்கு எந்தக் கால வச்சுப் போன?”

“வலது காலுதாம்ப்பா. ஆனா வண்டிக்குக் கண்ணு இல்ல. எந்தச் சக்கரம் பேசுதுன்னு அதுக்குத் தெரியாது. வர்ற வரிசையத்தான் நம்பும்.”

“நம்பட்டும். நல்ல வரிசையா நம்பட்டும்.”

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவளாக இருந்தாலும் பெற்றவன் பேச்சைத் தட்டாத பெண். காந்தத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். வலது முன்சக்கரத்தில் தொடங்கினேன். வண்டி சந்தோஷமாக ஹாரன் அடித்தது. பின் வலதுக்கும் அடித்தது. மூன்றாவதற்குப் போனால் அங்கே ஒரு காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. நம் வீட்டுப் பக்கம் அவ்வப்போது வருமே, அந்த ஒற்றைதான். ஹாரன் சத்தம் என்னவென்று பார்க்க வந்திருக்கும் போல. நானும் அதைப் பார்த்தேன், அதுவும் என்னைப் பார்த்தது. சற்று நேரத்தில் வண்டி பாடத்தை நிறுத்திவிட்டது, அதற்கென்று ஒரு கெடு இருக்கிறதாம். உங்கள் அத்தை ஜன்னல் வழியாக, “மாட்டுக்கு வழிய விட்டுட்டு வெரசா உள்ள வாங்க, சோலியக் காலைல பாத்துக்கலாம்” என்று கூப்பிட்டாள். நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதும் உண்மைதான். அது தானாகவே முட்டைக்கோஸ் பாத்தியைப் பார்த்து நகர்ந்த பிறகு, மறுபடி முதலிலிருந்து, மறுபடி வலது காலிலேயே தொடங்கி, நாலையும் முடித்தேன். வண்டி இரண்டு ஹாரன் அடித்தது. அந்த மஞ்சள் விளக்கு அணைந்தது மாப்பிள்ளை. திரையில் நாலு சக்கரத்துக்கும் காற்றளவு நாலு எண்களாக வந்து நின்றது. சண்முகப்பிரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள். ஒன்று, வண்டியை விற்க வேண்டாம். விளக்கு எரிகிறது என்பதுதானே நீங்கள் சொன்ன காரணம், இப்போது எரியவில்லை. இன்னொன்று, ஏரிக்கரையில் நான் அந்த ஐஸ்கிரீம் வண்டியை லேசாகத் தட்டியதை மனதில் வைத்துக்கொண்டு சாவியை உங்கள் அத்தையின் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அது இனி என்னிடம் இருப்பதுதான் மரியாதை. விளக்கு அணைந்துவிட்டதால் உங்கள் உத்தரவும் தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு, நாளை வெள்ளனே நானே ஓட்டி, சண்முகப்பிரியாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மலையிறங்கி, இந்தக் கடிதத்தைக் குருநாதன் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். இது உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததே வண்டியின் யோக்கியதைக்கு அத்தாட்சி. இதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் அத்தை, அங்கே கிடைக்கும் தயிரை நம்ப வேண்டாம் என்று எழுதச் சொல்கிறாள். பழனியாண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும், மாமனார் பேசி அனுப்புவதைக் கேட்கிற நேரமும் தரட்டும்.

இப்படிக்கு,
வண்டிக்கு வைத்தியம் பார்த்த மாமனார்,
பழ. சேனாதிபதி

பின்குறிப்பு: சனிக்கிழமை. இதை வத்தலக்குண்டு ரோட்டோரத்தில், செக்போஸ்டைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெருமாள்மலை வரும்போதே விளக்கு எரிந்தது. திரையில் பின் இடது சக்கரம் இறங்கிக்கொண்டிருந்தது. பஞ்சர் கடையில் நிறுத்திப் பின் இடதில் காற்றடிக்கச் சொன்னேன். அடிக்க அடிக்கத் திரையில் பின் வலது ஏறியது. அடியில் எங்கோ குழாய் போகிறது போலும், காற்று அந்தப் பக்கம் பாய்ந்து பிறகு சமமாகும் என்று சண்முகப்பிரியாவுக்கு விளக்கினேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அப்பா, கொஞ்சம் நில்லுங்க, மத்த சக்கரத்தையும் பாத்துருவோம்” என்றாள். நான் கிளம்பிவிட்டேன். செக்போஸ்ட் தாண்டியதும் வண்டி இடது பக்கமாக இழுத்தது. நிறுத்தி இறங்கினால், பின் இடது கல் மாதிரி இருக்கிறது, முன் இடது தரையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு ஆணி.

முன் இடதைக் கடைசியாகக் காட்டியது நான். கடைசியாக வருவது பின் இடது என்று வண்டி நம்பியிருக்கிறது. அது பாவம், நல்ல வரிசையாகத்தான் நம்பியது. நாலு சக்கரமும் ஒரு இடம் தள்ளிப் பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. மேலே அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில், அந்த ஆணியோடு, உங்கள் சம்சாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஓட்டி வந்திருக்கிறேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ‘நான் சொன்னேன்ல’ என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆணியைப் பிடுங்கி, வண்டியிலிருந்த பஞ்சர் கிட்டை எடுத்து அடைத்து, காற்றடித்து, பின் இடதில் மிஞ்சியதைத் திறந்துவிட்டு, ஸ்பீக்கர் காந்தத்தோடு இடது முன்சக்கரத்தில் தொடங்கி ஒரு சுற்று வந்தாள். இரண்டு ஹாரன். இப்போது வண்டி எந்தச் சக்கரத்தைச் சொல்கிறதோ அந்தச் சக்கரம்தான், ஒவ்வொன்றாகக் காற்றை இறக்கிச் சரிபார்த்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை வண்டி கொண்டுபோகவில்லை. நேரமாகிவிட்டதால், போன் செய்ததும் குருநாதன் தம்பி தன் பைக்கில் இங்கேயே வந்து நிற்கிறார். வண்டியை விற்க வேண்டாம் என்பதில் மட்டும் மாற்றமில்லை. சாவியை உங்கள் சம்சாரத்திடம் கொடுத்துவிட்டேன், திரும்பி ஏறும்போது ஓட்டப்போவது அவள். மலையில் ஆள் இருக்கிறது மாப்பிள்ளை, என் வீட்டிலேயே பிறந்து வளர்ந்திருக்கிறது. திருத்தி எழுத நேரமில்லாததால், மேலே ‘நான்’ என்று வருகிற இடத்திலெல்லாம் சண்முகப்பிரியா என்று போட்டு வாசித்துக்கொள்ளவும். வலது கால் வருகிற பகுதியை மட்டும் என் பெயரிலேயே விட்டுவிடவும்.