தீப்பெட்டி வீட்டின் கதவு

மனித குலம் இதுவரை கட்டியவற்றில் குறையே இல்லாத கட்டடம் ஒன்றே ஒன்றுதான் என்று எங்கள் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு ஏகமனதாக முடிவு செய்திருக்கிறது. அது அரண்மனை அல்ல. எங்கள் தெருக்கோடியில், குழுவுக்குச் சொந்தமாக இருக்கும் தீப்பெட்டி வீடு. குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமையுடன் அறிவிக்கிறேன். நான் குடியிருப்பது லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில். பாரம்பரியத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால்தான் அதன் முழு அழகும் தெரியும்.

அந்த வீட்டின் நுட்பத்தை என்னவென்று சொல்ல! மாடிப்படி ஒவ்வொன்றும் ஓர் இழுப்பறை. ஒன்றில் பருப்பு, அடுத்ததில் போர்வை. ஒருவர் பருப்பு எடுத்துக்கொண்டிருந்தால் மற்றவர் மாடி ஏற முடியாது. குடும்பம் என்றால் அனுசரித்துப் போக வேண்டும் என்பதை வேறெந்தக் கட்டடம் இத்தனை கண்டிப்பாகச் சொல்கிறது? சுவரில் மடித்திருக்கும் பலகையை இறக்கினால் மேஜை. இன்னும் இறக்கினால் கட்டில். வாசற்கதவோ உள்பக்கம் பாதி திறந்ததும் முதல் படியில் இடித்து நின்றுவிடும். வருகிறவர் குனிந்து, பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு நுழைய வேண்டும். எங்கள் குழுவிலுள்ள பேராசிரியர் இதற்குப் 'பணிவுக் கதவு' என்று பெயர் சூட்டியிருக்கிறார்.

இவ்வளவு பெரிய பாக்கியத்தில் வாடகைக்குக் குடியிருப்பவர் ஒரு தையல்காரர். அவர் மனைவி, மூடாத பருப்பு இழுப்பறையில் இடறி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். டாக்டர் பணிவாக நுழைந்து, இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டார். மடங்காத காலோடு அந்தக் கதவில் யாராலும் திரும்ப முடியாது என்பது, கட்டுக் காய்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"எலும்பு சேரலை. நீட்டின காலோட அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. விட்டா ஆயுசுக்கும் நொண்டணும்" என்று, சில வாரம் கழித்துப் பார்க்க வந்தபோது சொல்லிவிட்டு அவர் பக்கவாட்டில் வெளியேறினார்.

தையல்காரர் என்னிடம் ஓடிவந்தார். "சார், கதவைக் கொஞ்ச நேரம் கழட்டிக்கறேன். அவளை வெளியே கொண்டுபோனதும் நானே மாட்டிடறேன்."

"பாரம்பரியமெல்லாம் இப்படிக் கொஞ்ச நேரம் கொஞ்ச நேரமாத்தாங்க அழியுது" என்றேன். எனக்கே கண் கலங்கியது.

எங்கள் குழுவுக்கு ஒரு மரபு உண்டு. எந்தக் கட்டடத்தைப் பற்றிய முடிவையும் அதற்குள்ளேயே கூடித்தான் எடுப்போம். ஆகவே குழு முழுவதும் தீப்பெட்டி வீட்டுக்குள் நுழைந்தது. பலகை மேஜையாக இறங்கியது. கடைசியாக வந்த தலைவர், வயிற்றை எப்படியோ உள்ளே சேர்த்துக் கதவைச் சாத்தினார்.

"கதவு தொறந்திருந்தா அது கூட்டமில்ல, கும்பல்" என்றார்.

'எக்காரணம் கொண்டும் இக்கதவைக் கழற்றலாகாது' என்ற தீர்மானம் நிறைவேறியது. கை தூக்க இடமில்லாததால் தலையை ஆட்டி வாக்களித்தோம்.

மாடியிலிருந்து தையல்காரரின் மனைவி கேட்டார். "என்னங்க முடிவாச்சு?"

"உங்க வீட்டோட பெருமையைக் காப்பாத்திட்டோம்மா!" என்று கீழிருந்து குரல் கொடுத்தார் தலைவர்.

"பெருமை கிடக்கட்டும். என் கால்?"

"அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்லம்மா."

பிறகு கலைந்து செல்ல முயன்றோம். கதவு உள்ளே திறக்க வேண்டிய இடத்தில் தலைவர் இருந்தார்.

"எல்லாரும் கொஞ்சம் பின்னால போங்க" என்றார்.

"பின்னாலன்னா எங்க சார்?" என்றார் பேராசிரியர். "எனக்குப் பின்னால செயலாளர். செயலாளருக்குப் பின்னால பருப்பு."

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயோ, மூச்சு முட்டுதே! கதவைக் கழட்டுங்கய்யா!"

படியில் நின்ற தையல்காரர் பவ்யமாகக் கேட்டார். "எக்காரணம் கொண்டும் கூடாதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

"இது காரணமில்லய்யா, அவசரம்!"

தையல் மிஷின் ஸ்க்ரூடிரைவரால் அவர் கீல்களைக் கழற்றினார். கதவைத் தலைக்கு மேல் ஏந்தியபடி, ஊர்வலம்போல் தெருவுக்கு வந்து சேர்ந்தோம். தையல்காரர் ஒரே தாவலில் மாடிக்கு ஓடினார்.

தெருக்காற்றில் தலைவருக்கு மூச்சு திரும்பியது. கூடவே கொள்கையும் திரும்பியது.

"தீர்மானம் அமல்லதானே இருக்கு? கதவு ஏன் கழண்டு கிடக்கு?" என்று உறுமினார்.

குழுவிலேயே ஒல்லியானவன் நான். உள்ளே போய்க் கதவைப் பொருத்தி, திருகுகளை இறுக்கினேன். மாடிப்படியில், நீட்டிய காலோடு அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தார். கணவர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தார்.

"வாசல் தெரியுதுங்க!" என்று அந்த அம்மாள் சிரிப்பது கேட்டது. வெகுநாளுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு.

நான் பக்கவாட்டில் நழுவி வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் உள்பக்கம் மாவுக்கட்டு வந்து 'டொக்'கென்று முட்டியது. கழற்றினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஜன்னல் வழியாக எடுத்துச் சொன்னேன். வீட்டின் மதிப்பு அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். மாவுக்கட்டு படிப்படியாக மேலே திரும்பும் சத்தம் கேட்டது.

இப்போது அந்தக் கதவில் பித்தளைப் பலகை மின்னுகிறது: 'கட்டப்பட்ட நாள் முதல் ஒருவருக்காகவும் அகற்றப்படாத கதவு.' ஊரே வந்து படித்துப் பாராட்டிவிட்டுப் போகிறது. இன்னும் படிக்காதவர் ஒரே ஒருவர்தான். பலகையை நாங்கள் வெளிப்பக்கம் அடித்திருக்கிறோம்.