அப்பா கண்டுபிடித்த முத்திரை

அரைகுறையாகத் தெரிந்தவனிடம் மட்டும் விளக்கம் கேட்டுவிடக் கூடாது. பிறகு அவனை நிறுத்த முடியாது. தொண்ணூறுகளில், ஆக்லாந்தில், அந்த அரைகுறை நான்தான்.

என் மகள் மீரா புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சில வாரங்களாகியும் தனியாக உட்கார்ந்துதான் மதியம் சாப்பிட்டாள். அவள் வகுப்பை நகர மையத்தில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனார்கள். பாலித் தீவின் நடனக்காரர்களை அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் வரைந்த படங்கள். பெற்றோர் ஒருவர் துணைக்கு வரலாம் என்றார்கள்.

"அப்பா, நீங்கள் வந்து ஏதாவது கதையுங்கோ. அப்பதான் என்னோட ஆரும் சேருவினம்," என்றாள் மீரா. (பாவம், பிள்ளை போயும் போயும் என்னை நம்பியது.)

ஒரு படத்தில், பெரிய கிரீடம் வைத்த பெண் ஒரு கையைத் தூக்கி, மடக்கிய விரல்களைக் கிரீடத்தின் ஓரத்தில் வைத்திருந்தாள். கீழே, 'தெய்வத்தை அழைக்கும் நடனம்' என்று வரைந்தவர் எழுதியிருந்தார். எனக்கு இது போதாதா? ஊர்க் கோயிலில் பரதநாட்டியம் பார்த்த துணிச்சலில் ஆரம்பித்தேன்.

"இது எங்களுடைய முத்திரைதான்! தேவர்களின் ஆசியை வாங்குகிறாள். எல்லோரும் கையைத் தூக்குங்கள்!" என்று என் ஆங்கிலத்தில் முழங்கினேன். வகுப்பே தூக்கியது. ஆசிரியையும் தூக்கினார். மீராவின் முகத்தில் அப்படியொரு பெருமை!

பின்னால் யாரோ சிரித்தார்கள். படம் பார்க்க வந்த ஒரு பெண்மணி. பாலியில் பிறந்தவராம், சிறு வயதிலிருந்தே ஆடுபவராம்.

"எங்கள் ஆட்டத்தில் இப்படி ஒரு நிலையே கிடையாது," என்றார். "அந்தக் கிரீடத்துக்குள் வேர்த்து அரிக்கும். படம் வரைகிறவருக்காக அசையாமல் நின்று நின்று, பாவம், தலையைச் சொறிகிறாள்."

எல்லோரும் கையை இறக்கினார்கள். என் கை மட்டும் மேலேயே நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் சொறிந்தேன்.

முதலில் சிரித்தது மீராதான். பிறகு வகுப்பே சொறிந்தது! அந்தப் பெண்மணி கண்களை இடமும் வலமும் வெட்டி, உண்மையான ஆட்டத்தைக் காட்டினார். வரைந்தவரை நான் எப்படிக் குறை சொல்வது? அவர் படத்திலிருந்த பெண்ணிடம் கேட்கவில்லை; நான் யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலி. மீரா கடைசி வரிசையில், இரண்டு சிறுமிகளுக்கு நடுவில், கண்ணை வெட்டிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் பேரன் பள்ளிக்கூடத்திலிருந்து தலை நிறையப் பேனோடு வந்திருக்கிறான். மறுநாள் மீரா போனில் சொன்னாள்: "அப்பா, இவனுக்குக் காலமையிலயிருந்து தேவர்களின்ர ஆசி பொழியுது!"