குங்குமத்துக்கு அடியில் ஒரு பட்டன்

அம்மன் வேப்பமரத்தில் இறங்கியிருக்கிறாள், பாம்புப் புற்றில் இறங்கியிருக்கிறாள். லேப்டாப்பில் இறங்கியது இதுதான் முதல் தடவை. அதுவும் கம்ப்யூட்டர் கம்பெனிகள் கொட்டிக் கிடக்கிற சென்னையையும் கோயமுத்தூரையும் விட்டுவிட்டு, சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டைக்குப் போகிற சாலையில், நோய் வந்து மூடிப்போன ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் வந்து இறங்கியிருந்தாள். கொட்டகைக்கு வாடகை குறைவு என்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டமான கூட்டம். ஆண்டிபட்டிக்காரர்கள் வேன் பிடித்து வந்தார்கள். பெரியகுளத்து மாந்தோப்பு முதலாளிகள் காரில் வந்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள். குமுளி மலையிலிருந்து ஏலத்தோட்டத்து ஆட்கள் ஜீப்பில் இறங்கி ‘அம்மே’ என்று கும்பிட்டார்கள். அவர்களுக்கும் குறி சொல்லப்பட்டது. ஆத்தா பேசியது நிறத்தில்தான் என்பதால் மொழிப் பிரச்சினை எழவில்லை.

விஷயம் இதுதான். கொட்டகையின் நடுவில் ஒரு மேடை. மேடையில் பட்டுத்துணி விரித்து ஒரு லேப்டாப். அதன் பட்டன்கள் அத்தனையிலும் சந்தனம் அப்பியிருக்கும். இரண்டே இரண்டு பட்டன்களின் மேல் மட்டும் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். ஒன்று கீழ் வரிசையில் இடது மூலை, இன்னொன்று மேல் வரிசை. முன்னால் மொக்கைச்சாமி. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், காதில் புளூடூத். ஏழெட்டு வருடம் இமயமலையில் இருந்தவர் என்றார்கள். அந்த வருடங்களில் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து செல்போன் கடையில் அவரைப் போலவே ஒருவர் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார் என்பது தற்செயல்.

வந்தவர் குறையைச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அற்புதம். வரிசையில் நிற்கும்போதே சாமியின் மைத்துனன் வைகுண்டராஜ் டோக்கன் கொடுத்துக்கொண்டே, “என்ன காரியமா வந்தீக?” என்று அன்பாக விசாரிப்பான். விசாரித்துவிட்டு, ஓரமாகப் போய் யாருக்கோ போன் பேசுவான். பிறகு உள்ளே போனால் சாமி எல்லாவற்றையும் தானாகவே சொல்வார். ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள்.

சாமி லேப்டாப்பின் மேல் இன்னொரு பட்டுத்துணியைப் போர்த்தி, இரண்டு கையையும் அதற்குள் விட்டு, கீழே ஒரு விரல், மேலே ஒரு விரல் வைப்பார். அதற்குப் பெயர் அடிமுடி முத்திரை. மணி அடிக்கும். துணியை விலக்கினால் பட்டன்களின் இடுக்கெல்லாம் ஒளிவிடும். பச்சை என்றால் ஆத்தா சரியென்கிறாள். சிவப்பு என்றால் வேண்டாமென்கிறாள். நீலம் என்றால் பரிகாரம் கேட்கிறாள், உண்டியலில் பணத்தோடு. ஆத்தாவுக்கு நீலம் கொஞ்சம் பிடித்த நிறம்.

மார்க்கையன்கோட்டை மகாலட்சுமிக்கு வந்தது சிவப்பு.

அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதக்கணக்காக இரத்தம் போய், நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலைமை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்து, இரத்தம் ஏற்றி, வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

புருஷன் வேல்பாண்டிக்குத்தான் தாங்கவில்லை. அவனுடைய அக்கா ஒருத்தி ஆபரேஷனுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே அவன் எதிர்ப்பக்கம் திரும்பி நடப்பான். வாழைத்தோப்பில் சாரைப்பாம்பைக் கையால் பிடித்து எறிகிறவன், பெண்டாட்டியின் ஸ்கேன் கவரைத் திறந்து பார்க்கப் பயந்தான். அவள் மேல் அவனுக்கு உயிர். அந்த உயிர்தான் அவள் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை, “ஒரு எட்டு சாமிகிட்ட கேட்டுட்டு வந்துருவோம் மகா” என்றான்.

“டாக்டரம்மா மெஷின வச்சுப் பாத்துட்டுத்தானங்க சொன்னாக?”

“இதுவும் மெஷினுதானத்தா” என்றான் வேல்பாண்டி.

போனார்கள். சாமி கண்ணை மூடி, “வயித்துல ஒரு குறை. வியாழக்கிழமை ஒரு கத்தி காத்திருக்கு” என்றார். வேல்பாண்டி அப்படியே உருகிப்போனான். வைகுண்டராஜிடம் ஸ்கேன் கவரோடு அரைமணி நேரம் பேசியவனும் அவனேதான். மணி அடித்தது. துணி விலகியது. சிவப்பு.

“கத்தி படக்கூடாது. மீறினா தாலிக்குப் பங்கமில்ல, தாலி கட்டுனவனுக்குத்தான் பெண்டாட்டி இல்ல” என்றார் சாமி. “தொடர்ந்து வாங்க. சிவப்பைக் கழிச்சுப் பச்சையாக்கித் தாரேன்.”

வேல்பாண்டி அழுதுவிட்டான். “வியாழக்கிழமை போகவேணாம் மகா. கழிச்சுட்டுப் போவோம்” என்றான். மகாலட்சுமி அந்த இரண்டு குங்குமப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சந்தனம் அப்பிய லேப்டாப் புதிதில்லை. அவள் வீட்டில் ஆயுத பூசைக்கு எதுவும் தப்பாது. மோட்டார் ஸ்டார்ட்டர், மண்வெட்டி, மிக்சி, தராசு எல்லாவற்றுக்கும் வேல்பாண்டி சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பான். போன வருடம் பக்தி கொஞ்சம் முற்றி, மகள் அனுசுயாவின் லேப்டாப்பைத் திறந்து பட்டன் பட்டனாகப் பொட்டு வைத்துவிட்டான். சந்தனம் காய்ந்து பாதிப் பட்டன் எழவில்லை. கோயமுத்தூரில் வேலை பார்க்கிற அனுசுயா தலையில் அடித்துக்கொண்டு வேறு வாங்கிக்கொண்டாள். பழையதை மகாலட்சுமிதான் காது குடைகிற பஞ்சுக்குச்சியால் ஒவ்வொரு பட்டனாகத் துடைத்து எடுத்து பீரோவில் வைத்தாள். சில பட்டன்களில் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிப் படங்கள் இருப்பதை அப்போது பார்த்திருந்தாள். ஒன்றில் ஒலிபெருக்கி, ஒன்றில் பூட்டு, ஒன்றில் விளக்கு.

சாயங்காலம் வேல்பாண்டி வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போனதும், பீரோவைத் திறந்தாள். சார்ஜரைச் சொருகினாள். விளக்குப் படம் போட்ட பட்டனை அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இடது மூலைப் பட்டனை அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. சாமியின் கை எப்படி இருந்தது என்று யோசித்தாள். மூலைப் பட்டனைப் பிடித்துக்கொண்டே விளக்குப் பட்டனை அமுக்கினாள்.

பட்டன்களுக்கு அடியிலிருந்து பளிச்சென்று வெள்ளை வெளிச்சம் வந்தது. சூடம் இல்லை, மணி இல்லை, காவி வேட்டி இல்லை. மாதக்கணக்காக இரத்தம் போகிறவள் தொட்டாளே, குளித்தாளா என்ற தீட்டுக் கணக்கும் அந்த வெளிச்சத்துக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அனுசுயாவுக்குப் போன் போட்டாள்.

“அது இருட்டுல டைப் அடிக்கிறதுக்கும்மா. நம்மளுதுல வெள்ளை மட்டுந்தான். கேம் விளையாடுறவங்க வாங்குற லேப்டாப்புல கலர் கலரா வரும். அமுக்க அமுக்க மாறும். எதுக்கு இப்ப அது?”

“சும்மாத்தான். நீ நாளைக்குச் சாயந்தரம் பஸ் ஏறு. எனக்கு ஆபரேஷன்.”

புருஷனிடம் இதை உடனே காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவனோடு அவள் குடும்பம் நடத்துகிறாள், நீங்கள் நடத்தவில்லை. காட்டியிருந்தால், “நம்ம வீட்டு லேப்டாப்புலயும் ஆத்தா வந்துட்டா!” என்று சந்தனக் கிண்ணத்தைத் தேடியிருப்பான். ஆகவே மறுநாள் காலையில், “வாங்க, பரிகாரம் கேட்டுட்டு வருவோம்” என்று அவளே முன்னால் நடந்தாள். வேல்பாண்டி சந்தோசமாகப் பின்னால் போனான்.

வரிசையில் அவளுக்கு முன்னால் வைகை அணையிலிருந்து வந்த பிச்சையம்மாள் நின்றாள். காணாமல்போன எருமை எந்தத் திசையில் போனது என்று கேட்க வந்தவள். எருமைக்கு இதுவரை இரண்டு நீலம் வந்திருந்தது. மகாலட்சுமி அவள் காதில் ஏதோ சொன்னாள். பிச்சையம்மாள் கண்ணை அகல விரித்து, “ஆத்தாடி! இதவா கேக்கப்போற?” என்றாள்.

“நீங்க எங்கூடவே நில்லுங்கத்தை. அது போதும்.”

வைகுண்டராஜ் வந்தான். “நேத்து வந்த ஆபரேஷன் கேஸ்தான?”

“அதே காரியந்தாண்ணே” என்றாள். அவன் போன் பேச ஓரமாகப் போனான்.

உள்ளே சூடப்புகை. அதையும் மீறிப் பழைய கோழி வாடை. மகாலட்சுமி கும்பிட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “சாமி, இன்னைக்கு நான் கேக்க வந்தத வாயால சொல்லல. மனசுக்குள்ள கேட்டுக்கிறேன். ஆத்தாவுக்குத் தெரியாததா?” என்றாள்.

“தாராளமா கேளு” என்றார் சாமி. காதில் புளூடூத் இருக்கிறவருக்கு என்ன கவலை?

அடிமுடி முத்திரை. மணி. துணி விலகியது. சிவப்பு.

“நேத்தும் வேண்டாம்னா, இன்னைக்கும் வேண்டாங்கிறா! கத்தி ஆகாது!”

“நான் கத்தியப் பத்திக் கேக்கலியே சாமி” என்றாள் மகாலட்சுமி. “நான் கேட்டத இந்த அத்தைகிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன். சொல்லுங்கத்தை.”

பிச்சையம்மாள் எருமையை நினைத்துக்கொண்டு தைரியமாகச் சொன்னாள். “‘இந்தச் சாமி நெசச் சாமிதானா’ன்னு கேக்கப்போறேன்னு சொன்னுச்சு.”

எல்லோரும் லேப்டாப்பைப் பார்த்தார்கள். அது செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. ஆத்தா வேண்டாமென்கிறாள்.

“தெய்வத்தச் சோதிக்கியா? கண்ணு அவிஞ்சு போகும்!” என்று சாமி எழுந்தார்.

“நானும் வீரபாண்டிக் கோயில் ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுத்தவதான். அவளச் சோதிக்கல, உங்க பட்டனத்தான் சோதிக்கிறேன்” என்று மேடையேறினாள். மூச்சு வாங்கியது. ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முந்தானையை எடுத்து மேல் வரிசைக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன விளக்குப் படம் வெளியே வந்தது.

மூலையில் ஒரு விரல், விளக்கில் ஒரு விரல். அமுக்கினாள். பச்சை. இன்னொரு அமுக்கு. நீலம். இன்னொரு அமுக்கு. வெள்ளை. அதற்கடுத்த அமுக்கில் ஏழு நிறமும் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அலை அலையாக ஓட ஆரம்பித்தது. இத்தனை நாளில் சாமி இதைக் காட்டவே இல்லை. இதற்கு என்ன பரிகாரம் என்று அவருக்கும் முடிவாகவில்லை போலும்.

“இப்ப ஆத்தா என்ன சொல்றா சாமி?” என்று கேட்டாள்.

சாமி பதில் சொல்வதற்குள் ஜனங்கள் முந்திக்கொண்டார்கள். நாலு பேர் தடாலென்று மகாலட்சுமியின் காலில் விழுந்தார்கள். “ஆத்தா உன் மேல மாறிட்டாளே தாயி! எம்மவனுக்கு விசா கிடைக்குமா, பாத்துச் சொல்லு தாயி!”

மகாலட்சுமிக்கு வந்த கோபத்தில் இரத்தச்சோகையே ஒரு நிமிடம் மறந்துபோனது. “எந்திரிங்க! எந்திரிங்க சொல்றேன்! உங்களுக்கெல்லாம் விரல் இல்லையா? இங்கன வந்து நீங்களே அமுக்குங்க!”

முதலில் பிச்சையம்மாள் இரண்டு தடவை அமுக்கினாள். பச்சை. அடுத்து ஏலத்தோட்டத்துக்காரர். நீலம். பெரியகுளத்துக் கார்க்காரரும் பின்வாசலிலிருந்து வந்து ஒரு தடவை அமுக்கினார். அமுக்குவதற்கும் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. கொட்டகை முழுக்க ஆத்தா இறங்கினாள். யாருடைய விரலையும் அவள் தள்ளி வைக்கவில்லை.

“ஏலே மொக்கை! எருமைக்கு ரெண்டு பரிகாரம் பண்ண வச்சியேடா!” என்று பிச்சையம்மாள் திரும்பினாள். அவனைக் காணவில்லை. கோழித் தீவனம் ஏற்றுகிற வாசல் திறந்து கிடந்தது. வைகுண்டராஜ் அதற்கும் முன்னாலேயே போயிருந்தான், உண்டியலோடு. எதிர்காலம் தெரிந்தவன் அந்தக் குடும்பத்தில் அவன் ஒருவன்தான்.

கடைசியாக வேல்பாண்டி மேடைக்கு வந்தான். அமுக்கினான். பச்சை வந்தது. அவன் முகம் மலர்ந்துபோனது.

“மகா! பச்சை வந்துருச்சு! ஆத்தா சரிங்கிறா! நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்!”

மகாலட்சுமிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு அந்த இரண்டு பட்டன்களையும் திரும்பத் திரும்ப அமுக்கி, சிவப்பு வந்ததும் நிறுத்தினாள்.

“இப்பச் சிவப்பு. இப்பவும் போறோம். டாக்டரம்மா பாத்துச் சொன்னதுக்காகப் போறோம், பச்சைக்காக இல்ல. வர்றீகளா, இல்ல நான் மட்டும் போகட்டா?”

வேல்பாண்டி சிவப்பைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். வெளிறிப்போன அந்த உதட்டை அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சரியாகப் பார்த்த மாதிரி இருந்தது. “எனக்குப் பயமா இருக்கு மகா” என்றான்.

“எனக்குந்தான் பயமா இருக்கு. பயந்துக்கிட்டே போவோம், வாங்க.”

லேப்டாப் சிவப்பாக எரிந்துகொண்டிருக்க, இருவரும் கிளம்பிப் போனார்கள்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. பிழைக்கவைத்தது என்ன நிறம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. பிச்சையம்மாளின் எருமை பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. யாரும் அங்கே போய்த் தேடவில்லை, அவ்வளவுதான். மொக்கைச்சாமி இப்போது வேறொரு ஊரில், தொட்டால் நாதம் எழுப்புகிற ஒரு வாட்சோடு உட்கார்ந்திருக்கிறாராம். அங்கேயும் கூட்டமான கூட்டம் என்கிறார்கள்.

இருக்கத்தான் செய்யும். பட்டன் மேல் அப்பிய குங்குமத்தை மகாலட்சுமி துடைத்துவிட்டாள். நம்முடைய மூளை மேல் நாமே அப்பி வைத்திருப்பதைத் துடைக்க அவள் ஊர் ஊராக வரமாட்டாள். ஆபரேஷன் ஆன உடம்பு. அவரவர் துண்டை அவரவர்தான் எடுக்க வேண்டும்.