இருபது ஏக்கர் முழங்கை

எனக்கு மனதுக்குள் எண்ணத் தெரியாது. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் சொல்லக்கூடாத விஷயம்தான். கல்லடிப் பாலத்து விளக்குக் கம்பங்களைக்கூட வாய்விட்டுத்தான் எண்ணுவேன். (எதிரே வருகிறவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று நினைத்து வழிவிடுவார்கள்.)

சுனாமியன்று தண்ணீரோடு வந்த கதவொன்று என் வலது முழங்கையைப் பதம் பார்த்தது. உள்ளே உடைந்து கிடந்த எலும்புத் துண்டுகளோடேயே, நாட்டில் யுத்தம் முடியும்வரை காலத்தை ஓட்டினேன். பாதை திறந்த பிறகு கொழும்பில் சின்னத் துவாரங்கள் போட்டு எடுத்தார்கள். நாலு துண்டு, கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

ஒப்பரேசன் ஒன்றுமில்லை, அதற்குப் பிறகு வந்த பயிற்சிதான் வில்லங்கம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, உள்ளங்கையை மேலே திருப்பி, கீழே திருப்பி, இருபது தரம். கொஞ்சம் ஓய்வு. திரும்பவும் இருபது. "மணித்தியாலத்துக்கு ஒருக்காச் செய்யாட்டி மூட்டு இறுகிப்போயிரும் ஐயா" என்றாள் பயிற்சி தந்த பிள்ளை. அன்றிலிருந்து நான் சுவர் மணிக்கூட்டுக்கு அடிமை.

இந்த லட்சணத்தில்தான் தன்னாமுனையிலிருந்து மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தார்கள். முந்திய இரண்டு சம்பந்தமும் என் வாயால் போனவை என்பது மனைவியின் கட்சி. (ஒன்றுதான்.)

"இஞ்சேருங்க, கையக் காட்டிராதீங்க. நோயாளிக் குடும்பம் எண்டுவாங்க" என்று என் கையைச் சால்வையால் மூடிவிட்டாள்.

மாப்பிள்ளையின் தகப்பன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, "மாஸ்டர், மகளுக்கு எத்தின ஏக்கர் வயல் குடுக்கிறதா இரிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மணிக்கூடு நாலு அடித்தது. எனக்கு இருந்தது மூன்றே மூன்று ஏக்கர். முதலில் பயிற்சி, பிறகு பதில் என்று தீர்மானித்துக் கண்ணை மூடினேன்.

"ஒண்டு."

அவர் முகம் வாடிவிட்டதாம். (கண்ணை மூடியிருந்ததால் இதெல்லாம் பிறகு கேட்டறிந்தது.) "ரெண்டு... மூண்டு..." அவர் நிமிர்ந்தாராம். பத்தில் கதிரை நுனிக்கு வந்தாராம். பதினைந்தில் பெண்சாதியின் கையைப் பிடித்தாராம்.

"இருபது" என்று மூச்சு விட்டேன்.

"போதும் மாஸ்டர், போதும்! நாங்க பேராசக்காரர் இல்ல."

என் கைக்கு இரங்குகிறார் என்று நினைத்தேன். "போதாது, இன்னும் இரிக்கி" என்று சொல்லிவிட்டு அடுத்த சுற்றைத் தொடங்கினேன். "ஒண்டு..."

"என்ன மாஸ்டர், இருபது எண்டு போட்டு ஒண்டுக்கு இறங்குறீங்க?"

மனைவி சால்வையை இழுத்தாள். கை தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அறை வாசலில் நின்ற மகள், "மூண்டு ஏக்கர்தான். மத்ததெல்லாம் அப்பாட முழங்கை" என்றாள்.

தகப்பன் குடையை எடுத்தார். மகள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், இதுவும் போனால் நாலாவது சம்பந்தம் ஒன்று வராது என்று எனக்கே விளங்கியது, எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளைப் பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். தேநீர் மூக்கால் வந்தது. "அப்பா, இரிங்க. இந்த வீட்டுல எனக்கு நல்லாப் பொழுது போகும்" என்றான்.

குடை திரும்பவும் சுவரில் சாய்ந்தது.

முழங்கை இப்போது எண்ணெய் போட்ட கதவுப் பிணைச்சல் மாதிரி. மருமகன் மட்டும் ஒவ்வொரு அறுவடைக்கும் அந்த மூன்று ஏக்கரையும் வெட்டி முடித்த கையோடு என்னைக் கூப்பிடுவார்: "மாமா, மிச்சப் பதினேழு ஏக்கரும் எப்ப வெட்டுற?"

"அது இன்னும் விளையல்ல, மனே" என்பேன்.