ஒட்டாத கவர்

மூன்றாம் தடவை படித்தபோதும் கடிதத்தில் இருந்த விஷயம் மாறவில்லை.

“வெள்ளிக்கிழமை என்னை வெளியே விடுறாங்க அண்ணே. நேரா உங்க வீட்டுக்குத்தான் வரேன். உங்க மாமியாரைப் பார்த்து நாலு வார்த்தை கேக்காம எனக்குத் தூக்கம் வராது.”

மெத்தைக் கடையில் உட்கார்ந்திருந்த மெத்தைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. எழுதியவன், யாரோ ஒருத்தனின் மூக்கை உடைத்துவிட்டு ஜெயிலுக்குப் போனவன். அவன் கேட்கிற நாலு வார்த்தை எப்படி இருக்கும்?

தப்பு அவர் மேல்தான். சிறையில் இருப்பவர்களுக்கு ஆறுதலாகக் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்று ஒரு சங்கத்தார் கேட்டபோது, நல்ல காரியமாச்சே என்று முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். தெரிந்ததைத்தானே எழுத முடியும்? ஸ்பிரிங் மெத்தை, பஞ்சு மெத்தை, முதுகுவலிக்கான மெத்தை என்று பக்கம் பக்கமாக எழுதினார். “இங்க எங்களுக்குத் தரைதான் சார்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மனிதர் கூனிக் குறுகிப் போனார்.

வேறு என்ன எழுதுவது? மாமியார் டிவி ரிமோட்டை ஒளித்து வைத்துவிட்டார் என்று சும்மா ஒரு புளுகு விட்டார். அவ்வளவுதான், நாலு பக்கத்துக்குப் பதில்! பக்கத்து அறைக்காரர்களும் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அப்புறம் என்ன ஆச்சு என்று நச்சரிக்கிறார்களாம். விடுவாரா மெத்தைக்காரர்? அடுத்த கடிதத்தில் மாமியார் சர்க்கரை டப்பாவுக்குப் பூட்டுப் போட்டார். அதற்கடுத்ததில் மருமகனின் செருப்பை ஒளித்தார்.

நிஜத்தில் அந்த அம்மாள் ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டார். மருமகன் வந்து சாப்பிடும்வரை தான் சாப்பிடாமல் காத்திருப்பவர். அந்தக் கடிதங்களைத் தபாலில் போடுவதும் அவரேதான்! சிறைக்குப் போகிற கவரை ஒட்டக் கூடாது, அங்கே பிரித்துப் பார்ப்பார்கள் என்று சங்கத்தார் சொல்லியிருந்தார்கள். மெத்தைக்காரர் கடையில் டைப் அடித்து, கவரை ஒட்டாமல் செருப்பு அலமாரி மேல் வைப்பார். அத்தை காலையில் நடக்கப் போகும்போது எடுத்துக்கொண்டு போவார். படித்துவிடுவாரோ என்ற பயமே மெத்தைக்காரருக்குக் கிடையாது. அத்தையின் படிக்கிற கண்ணாடி உடைந்து மாசக்கணக்காகிறது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றாலும், “எனக்கு எதுக்கு மாப்பிள்ளை” என்று மறுத்துவிடுவார்.

ஒரே ஒரு விஷயம்தான் அவருக்குப் புரியவில்லை. “மொட்டை மாடியில இருந்து எப்படி இறங்கினீங்க அண்ணே? அந்த அம்மா ஏணியை எடுத்துட்டாங்களே!” என்று அவன் ஒரு தடவை கேட்டிருந்தான். மெத்தைக்காரர் மொட்டை மாடிப் பக்கமே போனதில்லை. ஊர்ப்பட்ட கடிதங்களைப் பிரிக்கிற இடத்தில் எதையோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்று விட்டுவிட்டார்.

இப்போது அவன் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைத்தால்? மனைவி கத்துவாள். அது பழகிப்போன விஷயம். அத்தை கத்த மாட்டார். சத்தம் போடாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

உடனே உட்கார்ந்து டைப் அடித்தார். “தம்பி, வர வேண்டாம். மாமியார் திருந்திவிட்டார். இப்போது சொக்கத் தங்கம்.” போகிற வழியில் தானே போட்டுவிடலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது. வீட்டு வாசலில் அத்தை குடையோடு நின்றார்.

“தபாலா மாப்பிள்ளை? குடுங்க, நான் போட்டுட்டு வரேன். நீங்க நனையாதீங்க.”

வியாழக்கிழமைவரை பதில் இல்லை. சாப்பிடும்போது மெல்ல ஆரம்பித்தார்.

“அத்தை, நாளைக்கு ஒருநாள் உங்க சின்னப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்.”

“என்ன திடீர்னு?” என்றாள் மனைவி.

“கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்கப் போறேன். அத்தைக்கு ஒத்துக்காது.”

“எனக்கு மட்டும் ஒத்துக்குமா?”

“அப்ப நீயும் போயேன்!”

“ஓஹோ! எங்க ரெண்டு பேரையும் தொரத்திட்டு யாரை வரச் சொல்லியிருக்கீங்க?”

“ஐயோ, யாரையும் இல்லம்மா!”

“முழி சரியில்லையே! நாளைக்கு நான் லீவு போடறேன். வாசலை விட்டு நகர மாட்டேன். யாரு வர்றாங்கன்னு பார்த்துடறேன்.”

“விடும்மா. மாப்பிள்ளைக்கு விக்குது பாரு, தண்ணி குடு” என்றார் அத்தை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மெத்தைக்காரர் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். இறங்கின ஒவ்வொரு தடியனிடமும், “தம்பி, நீங்க ஜெயில்ல இருந்துதானே வர்றீங்க?” என்று குழைந்து கேட்டார். ஒருத்தன் சட்டைக் கையை மடக்கியதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

வாசலில் யாருடையதோ செருப்பு கிடந்தது.

உள்ளே, ஊதினால் பறந்துவிடுவான் போல ஒருத்தன் மடியில் பையோடு சோபா நுனியில் உட்கார்ந்திருந்தான். மனைவி கையைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தபடி நின்றாள். அத்தை டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

மெத்தைக்காரரைக் கண்டதும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. எழுந்து அத்தையைப் பார்த்துக் கும்பிட்டான்.

“அம்மா, கோவிச்சுக்காதீங்க. அண்ணன் ரொம்ப நல்லவரு. இனிமே அவருக்குச் சர்க்கரையைப் பூட்டி வைக்காதீங்கம்மா.”

“எங்க அம்மாவா? பூட்டி வச்சாங்களா? யாரு சொன்னது?” என்று மனைவி பாய்ந்தாள்.

“அண்ணன்தான் எழுதினாரு.”

போச்சு, எல்லாம் போச்சு. மெத்தைக்காரருக்கு அத்தையின் முகத்தைப் பார்க்கவே துணிச்சல் வரவில்லை.

“தம்பி, வர வேண்டாம்னு எழுதினேனே!” என்று அழாத குறையாகக் கேட்டார்.

“ஆமாண்ணே, டைப்புல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அதுக்குக் கீழே பேனாவால எழுதியிருந்தீங்களே, ‘பக்கத்துல நின்னு மிரட்டி இப்படி எழுத வைக்கிறாங்க, கண்டிப்பா வாங்க, சாப்பாடு இங்கேதான்’னு!”

“பேனாவாலயா? நானா?”

“எப்பவும் கடைசியில பேனாவால நாலு வரி எழுதுவீங்களே! ஏணி மேட்டரே அப்படி வந்ததுதானே? உள்ளே எல்லாரும் அதுக்குத்தாண்ணே காத்துக் கிடப்பாங்க.”

டீ ஊற்றுகிற சத்தம் நின்றது. அத்தை பாத்திரத்தைக் கீழே வைத்தார். கைப்பையைத் திறந்தார். உடைந்துபோனதாகச் சொன்ன கண்ணாடியை எடுத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. துடைத்து மாட்டிக்கொண்டு மருமகனைப் பார்த்தார். அடக்க முடியாத சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

மெத்தைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே பக்கத்து நாற்காலியில் சரிந்தார்.

“அத்தை... எல்லாம் தெரியுமா? உங்களுக்கு என் மேல கோபமே வரலையா?”

“வராம இருக்குமா மாப்பிள்ளை? என்னை வில்லியாப் போடறதுதான் போடறீங்க, ரிமோட்டு, சர்க்கரைன்னு இவ்வளவு சப்புன்னா எழுதுவாங்க?”