ஜூரிச் வாடகையும் திருவொற்றியூர் வீடும்

பெருமதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

திருவொற்றியூரிலிருந்து கிருஷ்ணப்பன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் அச்சு இயந்திரமும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இங்கு நானும் என் மனைவி வேம்பும் மகள் சங்கமித்ராவும் நலம். ஆனால் போன வெள்ளிக்கிழமை வரை நலமாயில்லை. அதற்குத் தங்கள் பத்திரிகைதான் காரணம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலக நகரங்களில் குடும்பம் நடத்த ஆகும் செலவை ஒப்பிட்டு அரைப்பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருந்தீர்கள். உச்சியில் ஜூரிச், கிட்டத்தட்ட அடியில் நம் சென்னை. நான் கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க். அதைப் படித்தபோது, இவ்வளவு மலிவான ஊரிலா நான் மாதக் கடைசியில் திண்டாடுகிறேன் என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பேப்பரை மடித்து வைப்பதற்குள் வீட்டுக்காரர் வெள்ளத்துரை அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார். நாசரேத்துப் பக்கத்துக்காரர், ராயபுரத்தில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார், நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கையிலும் அதே பேப்பர், அதே பக்கம்.

“பாத்தீரா கிருஷ்ணப்பன், நம்ம ஜெஸ்வின் அந்த ஜூரிச்சுல ஒத்த ரூமுக்கு ரெண்டு லட்சம் குடுக்கான். நீரு பன்னெண்டாயிரத்துக்கு ராஜா மாதிரி இருக்கீரு.”

ஜெஸ்வின் அவருடைய ஒரே மகன். அந்த ஊரில் சம்பளமும் அதற்கேற்றபடி இருக்குமே அண்ணாச்சி என்று கேட்டேன். சம்பளம் உமக்கும் உம் கம்பெனிக்கும் உள்ள விவகாரம், வாடகைதான் உமக்கும் எனக்கும் என்றார். வரும் மாதத்திலிருந்து மூவாயிரம் கூடுதல், தோதுப்படாவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, வேம்பு கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போனார்.

இந்த அநியாயத்தை யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று காசிமேட்டில் மீன் விற்கும் சிலுவையம்மாளிடம் போய், டோக்கியோவில் மீன் என்ன விலை விற்கிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். “அப்போ நான் மட்டும் இன்னாத்துக்கு இந்த ரேட்டுக்குக் குடுத்துகினு கீறேன்?” என்று கேட்டு, அங்கேயே வஞ்சிரத்துக்கு ஐம்பது ரூபாய் ஏற்றிவிட்டார். திரும்பி வரும்போது ஆட்டோ ஓட்டும் டென்னிஸிடம் லண்டன் டாக்சிக் கட்டணத்தைச் சொல்லித் தொலைத்தேன். அவரும் இறங்கும்போது இருபது ரூபாய் சேர்த்துக் கேட்டார். அதன்பிறகுதான் ஐயா, தங்கள் பட்டியலைத் தெருவெல்லாம் பரப்புவது நானேதான் என்று எனக்கு உறைத்தது. முடி வெட்டிக்கொள்ளப் போனபோது வாயையே திறக்கவில்லை.

மூவாயிரம் எங்களுக்குக் கட்டாது. வேறு வீடு தேடி அலைந்தோம். வேம்பு வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறாள், அத்தனை வாடிக்கையும் எங்கள் தெருவையும் பக்கத்துத் தெருவையும் சேர்ந்தவை. எண்ணூரில் ஒரு வீடு வாடகைக்குத் தோதாக இருந்தது, ஆனால் மாடிச் சுவரை அவள் தொட்டுப் பார்த்தபோது விரலெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல், வெள்ளைச் சட்டையை இங்கே எங்கே காயப்போடுவது என்றாள். பேசின் பிரிட்ஜ் பக்கம் இன்னொரு வீடு. கூட்ஸ் வண்டி போனால் வீடே அதிர்ந்தது, ஊசி நேராக இறங்குமா என்று கேட்டாள். மகளுக்கோ பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது. திரும்பி வரும் ரயிலில் வேம்பு தன் வாடிக்கைக்காரர்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, “மிஷின தூக்கினு போயிடலாம்யா. கஸ்டமர எப்டி தூக்கினு போறது?” என்று கேட்டாள்.

இந்த நிலையில்தான் வெள்ளிக்கிழமை ஜெஸ்வின் தம்பி லீவில் வந்து சேர்ந்தார். வந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் நிற்கிறார், பின்னாலேயே அண்ணாச்சியும். பெட்டியைத் திறந்தால் பூராவும் பேன்ட்டு. நீளம் குறைக்க வேண்டியது, ஜிப் போனது, இடுப்புத் தளர்த்த வேண்டியது. அந்த ஊரில் ஒரு பேன்ட்டுக்குக் கால்மடிப்பு அடிக்க நம் பணத்தில் மூவாயிரத்துக்குக் குறையாதாம், அதனால் இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாராம். வேம்பு அளவெடுத்துக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் பாதி முடித்து, தேய்த்து அடுக்கியும் வைத்துவிட்டாள். அண்ணாச்சி பர்ஸை எடுத்து எவ்வளவு என்று கேட்டார்.

“ஊரு ரேட்டா, ஜூரிச்சு ரேட்டா அண்ணாச்சி?” என்றாள் வேம்பு. குரலில் கேலியே இல்லை, விலை கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

ஜெஸ்வின் தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணாச்சிக்குப் புரிந்தது. பேன்ட்டு அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் சிரித்தே விட்டார்.

“ஊரு ரேட்டே போதும்மா. ரெண்டுக்கும்.”

அவர் படி இறங்கியதும் நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன் ஐயா. சங்கமித்ரா, கட்டி வைத்திருந்த புத்தக மூட்டையை அவிழ்த்து மறுபடி அலமாரியில் அடுக்கினாள்.

ஆகவே, இப்படிப்பட்ட பட்டியல்களை இனிமேல் வெளியிட வேண்டாம் என்றும், வெளியிட்டே தீரவேண்டுமானால் வாடகை என்ற வரியையாவது விட்டுவிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் குடும்பத்தார் அனைவரும் சொந்த வீட்டில் நெடுங்காலம் வாழ மனதார வேண்டும்,

தங்கள் நெடுநாள் வாசகன்,
கிருஷ்ணப்பன்.

பி.கு.: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு சேதி. ஜெஸ்வின் தம்பி சொல்லி, அந்த ஊரில் இருக்கும் அவருடைய நண்பர்கள் நான்கு பெட்டி பேன்ட்டு கொடுத்தனுப்புகிறார்களாம். அதற்கு இன்னொரு மிஷினும் ஒரு ஆளும் வேண்டும், இந்த இடம் போதாது என்று வேம்பு தானாகவே போய் மொட்டைமாடி அறையையும் கேட்டு வாங்கிவிட்டாள். வாடகை, மாதம் மூவாயிரம் கூடுதல். எனவே மேலே கண்ட புகாரைத் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிட்டு, அந்தப் பட்டியலை இன்னொரு முறை வெளியிடுங்கள். வாடகையோடு தையல் கூலியையும் சேர்த்துப் போட்டால் ரொம்ப உபகாரமாயிருக்கும்.